கையில் கொடுத்தேன் என்று சொன்ன கடிதம்

அன்பு மகனுக்கு,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. மறதியால் விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதே. முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர்கள் ஒட்டிய கவர்களைச் சுமந்தவனுக்குப் பசை தடவுவது மறக்காது. வழியில் யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் இப்படி அனுப்புகிறேன். இதே கடிதத்தின் இன்னொரு படி ஓடைக்கு அந்தப்பக்கம் ஸ்டெல்லாபாய் வீட்டுக்குப் போகிறது. போன வாரம் பெங்களூரிலிருந்து போனில் நீ கெஞ்சினாய். "கல்யாணம் கழியட்டு அப்பா. அதுவரைக்கும் ஒண்ணையும் கிளற வேண்டாம். பெண் வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்றாய். நான் "செரி மக்கா" என்றேன். அந்த வார்த்தையை நான் காப்பாற்றவில்லை. நேற்று உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படு, உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கு எதையும் நடுவிலிருந்து எடுத்துச் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ என்னைச் சோதித்து விளையாடுவாய். "அப்பா, சர்ச்சுக்கு அப்பறம் மூணாவது வீடு ஆருக்க வீடு?" என்று கேட்பாய். உடனே சொல்ல எனக்கு வராது. கண்ணை மூடி, உதியன்குளங்கரை ஜங்ஷனில் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்து, அரிசி மில்லைத் தாண்டி, ஒவ்வொரு வீடாக மணியடித்துக்கொண்டு வந்தால்தான் அந்த மூன்றாவது வீட்டுக்காரர் வாசலுக்கு வருவார். "எலே பொறு, இப்பம்தான் வளைவு திரும்புதேன்" என்பேன். நீயும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். ஆனால் ஒருமுறை கூடத் தப்பாகச் சொன்னதில்லை. ஊரில் எங்கே போனாலும் போஸ்ட்மேனுடைய ஞாபகம் என்று ஒரு பேச்சு உண்டு. அது எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்தத் தலைக்கனம்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தது.

அப்போது உனக்கு நாலு வயது. ஸ்டெல்லாபாய் அரசு பரீட்சை எழுதிப் பட்டியலில் பேர் வந்து, வேலை உத்தரவுக்காகக் காத்திருந்த காலம். தினமும் ஓடைக்கரையில் வந்து நின்று, "எனக்கு ஒண்ணும் வரல்லியா அண்ணே?" என்று கேட்பாள். உத்தரவு வரவேயில்லை. சேர வேண்டிய கெடு முடிந்த பிறகு விசாரித்துப் பார்த்தால், உத்தரவை எப்போதோ அனுப்பியாகிவிட்டது என்றார்கள். அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். அது சாதாரணத் தபாலில் வந்த கவர், கையெழுத்து வாங்கிய சீட்டு எதுவும் கிடையாது. ஆகவே எல்லாம் என் வாயில் இருந்தது. "நீங்கள் கொடுத்தீர்களா?" என்று அவர் கேட்டதும் நான் மனதுக்குள் சைக்கிளை எடுத்தேன். ஓடையைத் தாண்டினேன். படம் பளிச்சென்று வந்து நின்றது. ஸ்டெல்லாபாய் பாறைமேல் மரச்சீனிக்கிழங்கு வெட்டி வெயிலில் உணத்திக்கொண்டிருக்கிறாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வருகிறாள். பழுப்புநிற சர்க்கார் கவரை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறாள். "அவள் கையில்தான் கொடுத்தேன்" என்று அப்படியே சொன்னேன். துடைத்த தலைப்பின் நிறத்தைக்கூடச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் பொய் சொல்லவில்லை, மகனே. அதுதான் என்னை இன்றைக்கும் வாட்டுகிறது. பொய் சொல்லியிருந்தால் எப்போதாவது உறுத்தியிருக்கும், பத்து வருடம் முன்பே வாயைத் திறந்திருப்பேன். நான் உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். அதற்குப் பிறகு டீக்கடையில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன், உனக்கும் சொன்னேன். "சர்க்கார் கவரு, கையில குடுத்தேன், அவ வாங்கல்லன்னு சாதிக்கா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொல்லச் சொல்ல அந்தப் படம் இன்னும் துலக்கமானது. வேலை வடக்கே காசர்கோட்டில் கிடைத்திருந்தது. அவ்வளவு தூரம் போக மனமில்லாமல், இங்கே எவனோ ஒருவனுக்காக அவளே கவரை ஒளித்துவிட்டாள் என்று ஊர் கதை கட்டியது. அவள் அண்ணன் தங்கதாஸ் அவளை அடித்தார். அதற்குப் பிறகு அவளை எந்தப் பரீட்சைக்கும் விடவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் துணி மடித்து வைக்கும் வேலைக்குப் போனாள், இப்போதும் அங்கேதான் போகிறாள். இந்த இருபத்தைந்து வருடமாக ஓடைக்கரையில் என்னைப் பார்த்தால் அவள் தலை குனிந்துகொள்வாள். குற்றமுள்ள நெஞ்சு என்று நான் நினைத்துக்கொண்டேன். பார்த்தாயா என் புத்தியை!

மூன்று வாரத்துக்கு முன்னால், ஓடைக்கு இந்தப்பக்கம் கடை வைத்திருந்து காலமாகிவிட்ட தையல்காரரின் மகன் நம் வீட்டுக்கு வந்தான். ரோட்டை அகலப்படுத்துவதற்காக அவர்கள் கடையை இடிக்கிறார்கள். துணி வெட்டும் பழைய மேசையைப் பிரித்தபோது, இழுப்பறைக்குப் பின்னால் ஒரு கவர் விழுந்து கிடந்ததாம். "மாமா, இது ஒங்க காலத்து தபாலாக்கும்" என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். பழுப்புநிற சர்க்கார் கவர். ஸ்டெல்லாபாயின் பேர். எங்கள் ஆபீஸ் முத்திரை, தேதிப்படி நடுக் கர்க்கடக மாதம். ஒரு மூலையில் பென்சிலால் 'தையல்' என்று எழுதியிருந்தது. அது என் கையெழுத்து. ஓடையில் வெள்ளம் ஏறினால் அந்தப்பக்கத்து வீடுகளின் தபாலைத் தையல்கடையில் கொடுத்துவிட்டுப் போவது என் வழக்கம். அந்தப்பக்கத்து ஆள் யார் கடைக்கு வந்தாலும் தையல்காரர் கொடுத்தனுப்புவார். சட்டப்படி தப்புதான், ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. கார்டும் பத்திரிகையும் மட்டும்தான் அப்படி விடுவேன், சர்க்கார் கவரை ஒருநாளும் விடமாட்டேன் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

அன்று முழுவதும் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கர்க்கடகத்துல எவளாவது மரச்சீனி உணத்துவாளா?" ஓடை பொங்கி ஓடும் கர்க்கடகத்து அடைமழையில் என் படத்தில் மட்டும் வெயில் அடிக்கிறது! அவள் கவரை வெயிலுக்குத் தூக்கிப் பார்க்கிறாள்! விசாரித்த அதிகாரிக்கும் அது தோன்றவில்லை, ஊருக்கும் தோன்றவில்லை, இத்தனை வருடம் சொன்ன எனக்கும் தோன்றவில்லை. அந்தப் படம் பொய்யில்லை. வேறு நாளுடையது. பரீட்சைக்கான அனுமதிச் சீட்டு வந்த மாசி மாதத்துப் படம். அதுவும் அதே மாதிரிக் கவர், அதே கை, அதே பாறை. கேட்ட கேள்விக்குப் பொருத்தமாகக் கிடைத்ததை மனசு எடுத்து நீட்டியது, நான் தேதி பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். ஒரு தபால்காரன் முத்திரை பார்க்காமல் வாங்கலாமா?

கவரைத் தையல்கடையில் விட்ட ஞாபகம் எனக்கு வரவேயில்லை. சரி, வழக்கம்போல நடந்து பார்ப்போம் என்று மறுநாள் ஜங்ஷனிலிருந்து பழைய வழியிலேயே நடந்தேன். பாதி இடிந்த கடை வாசலில் நின்றபோது ஏதோ ஒன்று வந்தது. மழை, நனைந்த பையின் வாடை, உனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொல்லியனுப்பியது, நான் அவசரமாகக் கவரை உள்ளே எறிந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் என்னைக் குறை சொல்வார்கள்? ஆறுதலாகத்தான் இருந்தது. அதனாலேயே அதை நான் நம்பவில்லை. கேட்டவுடனே எனக்குச் சாதகமாக ஓடி வருகிற ஞாபகத்தால் ஒருமுறை பட்டது போதும். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நீயும் அதைச் சுமக்க வேண்டாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பென்சில் எழுத்து என்னுடையது, கவர் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

உன் புருவத்துத் தழும்பு நினைவிருக்கிறதா? பலாமரத்து வேரில் தடுக்கி விழுந்தாய் என்று நான் சொல்வேன். பஸ் படியிலிருந்து விழுந்தாய் என்று அம்மா சத்தியம் செய்வாள். நீ என் பக்கத்தில் இருந்தால் பலாமரம் என்பாய், அம்மா பக்கத்தில் இருந்தால் பஸ் என்பாய், கள்ளப்பயலே! விழும்போது உனக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் இரண்டையும் கண்ணால் பார்த்ததுபோல விவரிப்பாய். தழும்பு விஷயத்தில் அது வேடிக்கை. நாளைக்குக் குடும்பம் என்று ஆனபிறகு அது வேடிக்கையாக இருக்காது. "அன்னைக்கு நீ இப்படித்தான் சொன்ன" என்று ஒருவருக்கொருவர் சொல்கிற நாள் உங்களுக்கும் வரும். அப்போது யாருடைய குரல் உரக்க இருக்கிறதோ அவருடைய ஞாபகம் ஜெயிக்கும். நம் வீட்டில் என் குரல் உரக்க இருந்தது. எத்தனை சண்டையில் உன் அம்மா சரி என்று விட்டுக்கொடுத்தாள் என்பதை இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. நீ "தெரியவில்லை" என்று சொல்லப் பழகிக்கொள். அந்த ஒரு வார்த்தையை நான் விசாரணையில் சொல்லியிருந்தால், அவர்கள் தையல்கடையில் போய்க் கேட்டிருப்பார்கள். தையல்காரர் இழுப்பறையை வெளியே இழுத்திருப்பார். ஒரு மணி நேரத்தில் கவர் கிடைத்திருக்கும். கையில் கொடுத்தேன் என்று நான் சொன்னதால் யாரும் தேடவே இல்லை.

கல்யாணம் வரைக்கும் ஏன் பொறுக்க முடியாது என்று கேட்டாய். மறதிக்குக் காட்டப் போன திருவனந்தபுரத்து டாக்டரம்மா சொன்னதை உன்னிடம் பாதிதான் சொன்னேன். குடை, வாழை, சாவி என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்கள். எனக்குக் குடை மட்டும்தான் வந்தது. "பேடிக்கண்டா அங்கிளே" என்று கையைத் தட்டிக்கொடுத்தார்கள். பயப்படாதே என்று சொல்லும்போதுதானே பயம் வருகிறது! பழையவை எளிதில் போகாது, பலமுறை சொன்னவை இன்னும் தங்கும், புதிதாக வருபவைதான் முதலில் நழுவும் என்று விளக்கினார்கள். நான் கேட்டேன்: "ஒரே காரியத்தில் பழைய தப்பும் புதிய சரியும் மனசில் இருந்தால் எது முதலில் போகும்?" அவர்கள், "மிக்கவாறும்... பெரும்பாலும் புதியதுதான்" என்றார்கள்.

இப்போது புரிகிறதா? நான் கையில் கொடுத்தேன் என்கிற கதைக்கு இருபத்தைந்து வயது. கொடுக்கவில்லை என்கிற உண்மைக்கு மூன்று வாரம். என் தலை கழன்றால் உண்மைதான் முதலில் போகும், பொய் உட்கார்ந்திருக்கும். உன் வருங்கால மனைவியின் பெயரே எனக்குச் சிலநேரம் வருவதில்லை. போனில் "மருமோள் சுகமா?" என்று நான் கேட்பது பாசத்தால் மட்டுமில்லை, தெரிந்துகொள். கள்ளிக்காட்டுக்குப் போகிற பஸ்ஸில் மனதுக்குள் ஏறி, அணைக்கட்டு ரோடு வழியாகப் போய், அவள் வீட்டு வாசலில் இறங்கினால்தான் அனிஷா என்று வருகிறது. இப்படிப்பட்டவன் இந்த உண்மையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருப்பதா? கல்யாணத்தன்று காலையில் எழுந்திருக்கும்போது அது என்னிடம் இல்லாமல் போனால்? பெண் வீட்டாருக்கு என் வியாதி தெரிந்தால் தெரியட்டும். இந்தக் கடிதத்தை அனிஷாவிடம் நீயே கொடு. எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்தே அவள் வரட்டும்.

கல்யாணம் விளிக்க வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம் அல்லவா? நேற்று ஓடைக்கு அந்தப்பக்கம். கிளம்பும்போதே உன் அம்மா ஆரம்பித்தாள். "ஒருத்திக்குக் கடுதாசி குடுக்காம விட்ட ஆளு, இப்பம் ஊரெல்லாம் கடுதாசி குடுக்கப் போறாரு!" நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. பையில் உன் கல்யாணக் கார்டுகளோடு அந்தக் கவரும் இருந்தது. ஸ்டெல்லாபாய் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "ஆரு, போஸ்ட்மேன் அண்ணனா? மகனுக்குக் கல்யாணம்னு கேட்டேன். வாங்க அக்கா, கேறி இருங்க" என்றாள். என் கை பழக்கத்தில் கல்யாணக் கார்டைத்தான் முதலில் எடுத்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது பெறவு. மத்தத முதல்ல குடுங்க."

நின்றபடியே சொன்னேன். "ஸ்டெல்லா, இது ஒனக்க வேலை உத்தரவு. நான் ஒனக்க கையில தரல்ல. தையல்கடையில போட்டுட்டுப் போனேன். அங்கயே கெடந்திருக்கு. விசாரணையில நான் சொன்னது தப்பாக்கும்." அவள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள், என் படத்தில் வருவது போலவே. கவரை வாங்கினாள். புரட்டிப் பார்த்தாள். அழுவாள், திட்டுவாள், முகத்தில் எறிவாள் என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக வந்திருந்தேன். அவள் சொன்னதற்கு மட்டும் தயாராக இல்லை.

"இல்ல அண்ணே. நீங்க தந்தீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். "முதல்ல நான் வாங்கல்லன்னுதான் சொன்னேன். அண்ணன் அடிச்சப்பவும் அதத்தான் சொன்னேன். பெறவு எல்லாரும் சொல்லிச் சொல்லி, ஒருநாள் எனக்கே ஞாபகம் வந்துட்டு. மரச்சீனிக் கையத் தொடச்சிட்டு வாங்கினேன். டிரங்குப் பெட்டிக்க அடியில வெச்சேன். அதுக்க பெறவுதான் காணாம போச்சு. வருசா வருசம் அந்தப் பெட்டியக் கவுத்துப் பாப்பேன் அண்ணே. நானே எனக்க வாழ்க்கையத் தொலைச்சிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்." கவரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "இப்பவும் எனக்கு நல்ல ஞாபகம் இருக்கே. அது எப்படி?"

அவள் வேலையை மட்டும்தான் கெடுத்தேன் என்று நினைத்துப் போனேன், மகனே. என் ஞாபகத்தை அவள் தலைக்குள்ளும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பென்சில் எழுத்தைக் காட்டினேன். முத்திரைத் தேதியைக் காட்டினேன். உன் அம்மா கர்க்கடகத்து மழையைச் சொன்னாள். ஸ்டெல்லா முற்றத்துப் பாறையைப் பார்த்தாள், கவரைப் பார்த்தாள், மறுபடி பாறையைப் பார்த்தாள். பிறகு உன் அம்மாவின் தோளில் சாய்ந்து சத்தமாக அழுதாள். கண்ணைத் துடைத்ததும் வந்தது கோபம். "இங்க சொன்னா போராது. மேல மேட்டு வீட்டுக்கு வாங்க. எனக்க அண்ணன் வீட்ல உண்டு. அவன்கிட்ட சொல்லுங்க" என்று முன்னால் நடந்தாள்.

தங்கதாஸ் டிவி முன்னால் உட்கார்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் எது காணாமல் போனாலும் ஒரு கேலி உண்டு. எங்களைப் பார்த்ததும் அதையே சொன்னார். "ரிமோட்டக் காணல்ல. நல்ல நேரம், ஸ்டெல்லாவும் வந்தாச்சு. அவகிட்டக் கேளுங்க!" உள்ளே பேரப்பிள்ளைகள் சிரித்தன. நான் அவர் முன்னால் போய் நின்று, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவர் கவரை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். "அப்பம் இவ..." என்று ஆரம்பித்தார். எழுபது வயது ஆள், தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். ஸ்டெல்லா நிமிர்ந்து நின்று சொன்னாள்: "ரிமோட்டும் நான் எடுக்கல்ல."

அவள் என்னை மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கிளம்பும்போது கல்யாணக் கார்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு உன் அம்மாவிடம், "அக்கா, இத எனக்க கையிலதான் தந்தாரு. நீங்க சாட்சி" என்றாள். வருவாளா என்று தெரியவில்லை. வந்தால் முன்வரிசையில் உட்கார வை. அந்தக் கவரை அவள் இன்னும் பிரிக்கவில்லை. அது அவள் இஷ்டம்.

இனி உன் வேலை. ஒருநாள் வரும். இந்த மூன்று வாரமும் நேற்றைய நாளும் என்னை விட்டுப் போயிருக்கும். ஸ்டெல்லா அழுதது போயிருக்கும், இந்தக் கடிதம் எழுதியதும் போயிருக்கும். அந்தப் பாறையும் வெயிலும் மட்டும் அப்படியே இருக்கும். உன் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் ஆரம்பிப்பேன், "சர்க்கார் கவரு, கையில குடுத்தேன், அவ வாங்கல்லன்னு சாதிக்கா" என்று. வயசான மனுஷன், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடாதே. மற்ற எதை மாற்றிச் சொன்னாலும் சொல்லட்டும். பலாமரத்தை பஸ் என்று சொன்னாலும் சிரித்துக்கொள். இதில் மட்டும் விடாதே. நான் கத்துவேன், கையை ஓங்குவேன், எனக்கா தெரியாது என்பேன். என் குரல் எவ்வளவு உரக்க இருந்தாலும் என் முகத்தைப் பார்த்து, "இல்லப்பா, நீங்க குடுக்கல்ல" என்று சொல். மறுநாள் மறந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால் மறுபடியும் சொல்.

உன் அப்பா